பாஸ்மார்க் சொன்ன சாட்சி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் பாஸ்மார்க். இருபத்திரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று படம் பார்த்து விமர்சனம் எழுதியவர், ஒரு படத்தைக்கூட பெயிலாக்கியதில்லை. பேய்ப் படம், போர்ப் படம், குழந்தைகளுக்கான கார்ட்டூன், மூன்று மணி நேரம் யாருமே வாய் திறக்காத விருதுப் படம், எதுவானாலும் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடும். கதை தேறவில்லை என்றால் ஒளிப்பதிவைப் பாராட்டுவார். அதுவும் தேறவில்லை என்றால் கதாநாயகியின் வீட்டுத் திரைச்சீலையைப் பற்றி நாலு வரி எழுதுவார்.

மற்றவர்கள் காதைக் கடித்துக்கொண்டதுபோல் அவர் யாரிடமும் காசுக்குக் கை நீட்டியவரல்ல. அவருக்கு உண்மையாகவே எல்லாம் பிடித்திருந்தது. "இருநூறு பேர் வெயில்ல நின்னு வேலை பார்த்திருக்கான். அதுல ஒருத்தன்கூடவா ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டான்?" என்பார். அந்த ஒருத்தனைத் தேடிப் பிடித்து எழுதுவதைத்தான் தன் தொழிலாக நினைத்திருந்தார். அவர் மனைவி கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள் விடைத்தாள் திருத்துவாள், எதிர்ப்பக்கம் இவர் எழுதுவார். "நான் பாதி வகுப்பைப் பெயிலாக்குறேன், நீங்க எல்லாருக்கும் பாஸ் போடுறீங்க. நம்ம ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்தான் பேப்பரைப் படிக்கிறோம்" என்று சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவரைப் பார்க்க ஒரு பெண் வந்திருப்பதாக வரவேற்பறையிலிருந்து சொன்னார்கள். இறங்கிப் போனார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் நீலச் சீருடை. விரல் நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. கையில் நாலாக மடித்த போஸ்டர் துண்டு. பஸ் நிறுத்தத்துச் சுவரிலிருந்து கிழித்தது போலிருக்கிறது, பின்பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதை மேஜைமேல் விரித்தாள். 'ஐந்தாவது மாடியிலிருந்து அந்த வீழ்ச்சி. என் மூச்சு நின்றுவிட்டது' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே அவர் பெயரையும் போட்டிருந்தார்கள்.

"இதை எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"விழுந்தது என் வீட்டுக்காரர்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? ரொம்பப் பிரமாதமா பண்ணியிருந்தாரே. கூட வரலையா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. பலபேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள். அவள் கணவர் பதினாலு வருடமாகச் சண்டைக் காட்சிகளில் கதாநாயகர்களுக்கு டூப் போட்டவர். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தப் படப்பிடிப்பில் விழுந்து செத்துப்போனார். படத்தில் விழுவது ரப்பர் பொம்மை என்கிறது படக் கம்பெனி. சாப்பாட்டு இடைவேளையில் யாரும் சொல்லாமலே அவர் மாடியேறிப் பார்த்ததாகவும், கால் வழுக்கியதாகவும், அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அங்கே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தால் அடுத்த படத்தில் வேலை கிடைக்காது. ஒருத்தரும் திறக்கவில்லை.

"போஸ்டரைப் பாத்துட்டு லைப்ரரிக்குப் போயி நீங்க எழுதினதை முழுசாப் படிச்சேன் சார். விழும்போது கை பிடிமானம் தேடிச்சுன்னு எழுதியிருக்கீங்க. பொம்மை தேடுமா?"

அவருக்கு அந்த வரிகள் நினைவிருந்தன. 'அந்த மனிதரின் இடது கை காற்றில் ஒரு பிடிமானத்தைத் தேடித் துழாவுகிறது. இந்த ஒரு நொடி நடிப்புக்காகவே படத்தைப் பார்க்கலாம்.' ஒரு மனிதன் சாவதைப் பார்த்துவிட்டு நன்றாக நடித்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

"பதினெட்டாம் தேதி தொழிலாளர் துறையில விசாரணை. பாத்ததை வந்து சொன்னாப் போதும் சார்."

"வரேம்மா" என்றார்.

அன்று மத்தியானமே தியேட்டருக்குப் போனார். மொத்தம் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் கதாநாயகன் மாடி விளிம்புக்கு ஓடிவந்தான், காலை எடுத்து வைத்தான். அடுத்த காட்சியில் கீழே நின்ற கார் கூரையிலிருந்து எழுந்து தூசி தட்டிக்கொண்டான். நடுவில் இருந்த வீழ்ச்சியைக் காணவில்லை. படம் முடிந்ததும் ஆபரேட்டர் அறைக்குப் போய்க் கேட்டார்.

"நீளம் அதிகம்னு போன வாரம் புதுக் காப்பி அனுப்பிட்டாங்க சார். பழசைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க" என்றார் ஆபரேட்டர்.

ஆக, அந்த வீழ்ச்சி இப்போது அவருடைய விமர்சனத்திலும் அவருடைய தலைக்குள்ளும் மட்டும்தான் இருந்தது.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. கோப்புகள் கூரைவரை அடுக்கிய அறை. நீள மேஜையின் ஒரு முனையில் அதிகாரி. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் கம்பெனி வக்கீல். பாஸ்மார்க் தான் பார்த்ததைச் சொன்னார். பழுப்புச் சட்டை, இடது கை, விரல்கள் விரிந்து மூடியது, எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி அக்கறையாகக் குறித்துக்கொண்டார். அவள் மேஜைக்கடியில் தன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தத் தெரியாதவர் மாதிரி இருந்தார். முன்னால் ஒரு தடித்த கோப்பு. அதற்குள் இருபத்திரண்டு வருட விமர்சனங்கள்.

"உங்க ரசனை ரொம்பப் பரந்த ரசனை சார். படிக்கப் படிக்க சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு மூணு சந்தேகம் மட்டும். 'கரடியின் கண்ணில் என் தகப்பனாரைப் பார்த்தேன்.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"கார்ட்டூன் கரடிங்களா?"

"ஆமா."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"'பேயின் மூச்சு என் பிடரியில் பட்டது.' பட்டுதுங்களா?"

"அது ஒரு சொல்ற விதம்."

"'இந்தப் போர்க்களத்தில் யாரும் நடிக்கவில்லை, செத்தார்கள்.' நிஜமாவே செத்தாங்களா?"

"இல்லை."

"இதுவும் சொல்ற விதம். சரி. இது போன வருஷம் வந்தது. பொம்மை செய்யுற ஒருத்தரைப் பத்தின படம். 'அந்த மரப்பொம்மை அழுதது. என் கண்ணால் கண்டேன்.'" வக்கீல் தாளை அதிகாரி பக்கம் நகர்த்தினார். "மரப்பொம்மை அழுததைக் கண்ணால கண்டவருக்கு, ரப்பர் பொம்மை கை துழாவினது தெரிஞ்சதுல ஆச்சரியம் இல்லீங்க."

"இது அப்படி இல்லீங்க. இதை நான் நிஜமாவே பாத்தேன்."

"அப்ப மத்ததெல்லாம் பாக்காம எழுதினீங்களா?"

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. அவர் கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க பொய் சொல்லலைங்க" என்றாள். "ஆனா கண்ணால பாத்தேங்கற வார்த்தையைக் கரடிக்கும் பேய்க்கும் செலவு பண்ணிட்டீங்க. அந்தப் பொண்ணுக்குக் கொடுக்க ஒண்ணும் மிச்சம் இல்லாமப் போச்சு."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. சாட்சி, பார்த்ததை மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் உள்ளவர் என்பது அவர் எழுத்துகளிலிருந்தே தெரிகிறது, ஆகவே அவர் வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை, மனு தள்ளுபடி.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சலவைப் பிரிவின் பின்வாசலில், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஆவியும் பினாயில் வாசனையும் வந்தன. எதிரில் போய் நின்றார்.

"விடுங்கண்ணே" என்றாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அண்ணன் என்று கூப்பிட்டாள். "நாப்பது பேரு வரலை. நீங்க ஒருத்தராவது வந்தீங்க." டப்பாவை மூடினாள். "அங்க வெச்சுக் கேக்க முடியலை. இப்ப ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"விழும்போது பயந்தாரா? கூட வேலை பாத்தவங்க எல்லாம், அவரு சிரிச்சுக்கிட்டே போனாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றாங்க."

நல்ல வார்த்தைகள் அவர் நாக்கில் வந்து வரிசையாக நின்றன. தைரியமாக, அமைதியாக, ஒரு வீரனைப் போல. எத்தனையோ பேருக்குக் கொடுத்தவை. அவற்றை விழுங்கினார்.

"பயந்தார்மா. வாய் திறந்திருந்துச்சு. கீழே பாத்தார். ரொம்பப் பயந்தார்."

உள்ளே இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது.

"அப்ப அது அவருதான்" என்றாள். "வீட்ல பல்பு மாத்தச் சொன்னா, என்னை ஸ்டூல்ல ஏத்திவிட்டுட்டு அவரு என் காலைப் பிடிச்சுக்குவாரு. வேலைன்னாதான் ஏறுவாரு. பயமே தெரியாதவருன்னு எல்லாரும் சொல்றப்ப, வேற யாரையோ பத்திப் பேசுற மாதிரி இருக்கும் எனக்கு." சீருடையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் மேல்முறையீடு செய்யவில்லை. அதற்கு லீவு கிடைக்காது. பாஸ்மார்க் அந்த வெள்ளிக்கிழமை ஒரு காதல் படம் பார்த்தார். யார் வந்தார், என்ன செய்தார், எப்போது முடிந்தது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

"என்ன சார், போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கு?" என்றார் ஆசிரியர். "படம் நல்லா இருக்கா, இல்லையா?"

"தெரியலை சார்."

நாலு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை மரண அறிவிப்புகள் பக்கத்துக்கு மாற்றினார்கள். பெயரும் வயதும் சரிபார்ப்பது அங்கே வேலை. இறந்தவரின் முதலாண்டு நினைவு நாள் வந்தபோது அவள் ஒரு சின்ன அறிவிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். பெயர், தேதி, 'மனைவி, பிள்ளைகள்' என்பதோடு முடிந்திருந்தது. தேதிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அவர் ஒரு வரி சேர்த்தார்: 'படக் காட்சிக்காக ஐந்தாவது மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்டு இறந்தார்.' அந்தப் பக்கத்தை யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்பதால் அப்படியே அச்சாகிவிட்டது.

மறுநாள் அதே பக்கத்தில் கம்பெனியின் மறுப்பு, கட்டம் கட்டி, மூன்று மடங்கு பெரிதாக வந்தது. மத்தியானத்துக்குள் அவர் மேஜையைக் காலிசெய்தார். பொருள்கள் ஒரே பையில் அடங்கிவிட்டன. அந்த வாரத்தில் அவள் இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போன் செய்து அவரைக் கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.