என்ஜின் பெட்டிக்குப் பின்னால் ஒரு வாளி

என் மச்சினனுக்குக் கடல் ஆகாது. படகு கிளம்பிப் பத்தாவது நிமிஷம் முகம் வெளுக்கும், பதினைந்தாவது நிமிஷம் குடல் வெளியே வந்துவிடும்போல் குமட்டுவான். அப்படிப்பட்டவனை, நான் ஓட்டும் பயணிகள் படகில் எனக்கு உதவியாளாகச் சேர்த்துவிட்டது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என்ன செய்வது, மனைவிக்கு ஒரே தம்பி. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மூன்று மாதம் என் உயிரை எடுத்தாள். சொன்னேன், வேலை கிடைத்தது.

தினமும் அவள் இஞ்சியைச் சீவி டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். வெறும் வயிற்றோடு ஏறாதே, டீசல் வாடைப் பக்கம் போகாதே, தூரத்துக் கரையையே பார் என்று நான் பாடம் நடத்துவேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் என்ஜின் பெட்டிக்குப் பின்னால் மூடி போட்ட நீல வாளி ஒன்றை வைத்தேன். அவன் தலை தூக்க முடியாத நாட்களில் துறையில் கயிறு கட்டியதும் நான்தான், அந்தக் கண்றாவியைக் கழுவியதும் நான்தான்.

முதல் வருஷமே மேலாளர் கண்ணில் வாளி பட்டுவிட்டது. "யாரோடது இது?" என்றார். மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. புதிதாக வந்தவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பதினாறு வருஷம் ஓட்டியவனை யார் என்ன செய்துவிட முடியும்? அந்தத் தெனாவட்டில், "என்னோடதுதான் சார். எப்பவாவது தலை சுத்தும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன மாதம் பெரிய படகு வந்தது. பழையதை ஓரங்கட்டிவிட்டார்கள். புதியதற்கு ஒரே ஓட்டுநர்தான். கடல் அடங்கிய நாட்களாகப் பார்த்து ஓட்டப் பழகி, மச்சினனும் உரிமம் வாங்கியிருந்தான். பழக்கிவிட்ட மகராசன் யார் என்று கேட்காதீர்கள். மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு அந்த நோட்டை விரித்தார்.

"நூறு பேர் ஏறுற படகு. ஓட்டுறவருக்குத் தலை சுத்தினா என்ன ஆகும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். வாளி இவனோடது. இவன் வேலை போயிடக் கூடாதுன்னு அன்னைக்கு அப்படிச் சொன்னேன்."

மேலாளர் அவனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பிவிடும்.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அத்தானுக்கு வயசாகுது சார். பாவம், இத்தனை நாளும் நான்தான் கழுவி ஊத்தினேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எல்லாம் தெரிந்தவள்தானே. "அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது நான் துறை வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். இன்று காலை அவள் இஞ்சி டப்பாவை என் கையில் திணித்து, "தம்பிகிட்ட கொடுத்துடுங்க" என்றாள். கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், பழைய படகுல அந்த நீல வாளி கிடக்கும். எடுத்துட்டு வந்து என் சீட்டுக்குக் கீழ வச்சிருங்க. யாராவது கேட்டா, உங்களோடதுன்னே சொல்லிருங்க."