படகு கட்டி இழுத்த டாங்கி

எனக்குப் பொய் பேசுகிறவனைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். டாங்கி செய்கிறவன் இந்தச் சந்திரமோகன் ஒருவன்தான். சிங்கப்பூர் மைத்துனன் வரும்போதெல்லாம் பெட்டி கொண்டுவருவான். உள்ளே முந்நூறு, நானூறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஒரு சாண் நீளத்தில் உலகப்போர் டாங்கி எழுந்து நிற்கும். இழுவைக் கயிற்றுக்குப் பட்டு இழையை முறுக்கிக்கொள்வேன். சக்கரத்துச் சேற்றுக்கு நாகநதி வண்டலைச் சலித்துப் பசையில் குழைப்பேன். ஒரு திருகு இடம் மாறினாலும் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி பரிமளா ஒரு தடவை 'பொம்மை' என்று சொல்லிவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை முடிந்த கையோடு ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்து மேல் திடீர் பக்தி வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சங்கத் தலைவர் நான். ஆறு வருடமாகச் சுதந்திர தினக் கொடியை நான்தான் ஏற்றுகிறேன், மிட்டாயும் என் செலவுதான். அந்த வருடம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஹெட்மாஸ்டர் பரசுராமன் கடைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த வருசம் ஒரு பட்டாளத்துக்காரர் கொடி ஏத்தட்டும்னு வாத்தியாருங்க எல்லாம் பிரியப்படுறாங்க. எட்டாவதுல கனிமொழின்னு ஒரு பொண்ணு படிச்சிகினு இருக்குது. அவங்கப்பா தருமன், எழுபத்தொண்ணு சண்டையில டேங்கு ஓட்டினவராம்."

தருமனை எனக்குத் தெரியும். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், காலனிக்காரன். பட்டாளத்துக்குப் போய் ஏழே வருடத்தில் திரும்பிவிட்டதால் பென்ஷன்கூடக் கிடையாது. அவன் கொடி ஏற்றுவதாம், நான் கீழே நின்று சல்யூட் அடிப்பதாம்! வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனாலும் டாங்கி என்றதும் காது நிமிர்ந்தது. ஆளனுப்பி வரவழைத்தேன்.

கடைப் படியில் உட்கார்ந்து தருமன் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, கையை ஆட்டி ஆட்டி நன்றாகத்தான் சொன்னான்.

"வண்டியில மொத்தம் மூணு பேருதாங்க. நான் முன்னாடி நட்ட நடுவுல குந்துவேன். ஆறு வந்துச்சின்னா மூஞ்சிக்கு நேரா ஒரு தகடு இருக்கும், அத நிமித்தி வுட்டுட்டு தண்ணிக்குள்ள எறக்கிடுவோம். மெதந்துகினே போவும்."

"எது, டேங்கா மெதக்கும்?"

"ஆமாங்க மொதலாளி. ஒரு வாட்டி பெரிய ஆறுங்க, அக்கரையே தெரியல. பாதியில எஞ்சின் சூடாயி நின்னுபோச்சி. அந்த ஊரு சனங்க படகு கட்டி இழுத்து கரை சேத்தாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அலமாரியில் பதினோரு டாங்கிகள் இருந்தன. எல்லாவற்றிலும் உள்ளே நாலு பேர், ஐந்து பேர். டிரைவர் ஒரு ஓரத்தில்தான் உட்காருவான். ஒன்றாவது மிதக்குமா? முப்பது டன் இரும்பு! அவனுடைய பட்டாளத்துப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'டிரைவர்' என்று மட்டும் போட்டிருந்தது. லாரி ஓட்டியவன் டாங்கி ஓட்டினேன் என்று அளந்துகொண்டு திரிகிறான் என்று முடிவு கட்டினேன்.

பரசுராமனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதின்மூன்றாம் தேதி காலை பிரேயரில் தருமனைப் பேச வைக்க ஏற்பாடு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். கனிமொழி முதல் வரிசையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் மிதந்த கதையை அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். பிறகு அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு டாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"பசங்களா, இது நெசமான டேங்கு மாதிரியே அச்சா செஞ்சது. மெதக்குதா பாருங்க."

விட்டேன். குபுக்கென்று அடிக்குப் போய்விட்டது. மேசையில் ஆடாமல் நிற்பதற்காக நானே உள்ளே ஈயத்துண்டு வைத்து ஒட்டியிருந்தேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

"டேங்க படகு கட்டி இழுத்தாங்களாம்! மாட்ட கட்டி இழுக்கலியா தருமா?"

அறுநூறு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியார்களும்தான். கனிமொழி அப்பாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். எனக்கு அப்போது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா?

பதினைந்தாம் தேதி கொடியை நான் ஏற்றினேன். பிள்ளைகள் அந்தப் பெண்ணைப் 'படகு டேங்கு' என்றே கூப்பிட்டார்களாம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, களம்பூரில் அதே மில்லில் தவிடு அள்ளப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டில் மைத்துனன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். மேலே அச்சிட்டிருந்த படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடு ஆற்றில் ஒரு டாங்கி. முன்னால் தகடு நிமிர்ந்திருக்கிறது. தகட்டுக்குப் பின்னால், நட்ட நடுவில், டிரைவரின் தலை. உள்ளே இருந்த சிறு புத்தகத்தைப் படித்தேன். ரஷ்ய டாங்கி, மூன்று பேர், பதினாலு டன், தண்ணீரில் நீந்தும். எழுபத்தொன்றில் நம் பட்டாளத்திடம் இருந்தது. அகன்ற ஆறுகளில் எஞ்சின் சூடாகி நின்றதும் எழுதியிருந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடமே, இதை நம் பட்டாளத்து வண்டியாகச் செய்து சென்னையில் நடக்கும் மாடல் போட்டிக்குக் கொண்டுபோனால் முதல் பரிசு நமக்குத்தான் என்று தோன்றிவிட்டது. என்ன பச்சை, நம்பர் எங்கே எழுதியிருந்தது என்பதுதான் தெரிய வேண்டும். களம்பூருக்கு வண்டியை விட்டேன்.

தருமன் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பெட்டியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். கை அந்தப் படத்தருகே போய்த் திரும்பிவிட்டது.

"இதானே நீ ஓட்டினது? இன்னா கலரு, நம்பரு எங்க இருந்துச்சி, ஜல்தி சொல்லு."

"நான் லாரி ஓட்டினவன்ங்க. டேங்குக்கும் எனக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"யோவ், நீதான்யா என் கடையில குந்திகினு சொன்னே!"

"பொய் சொல்லிட்டேங்க. எம் பொண்ணுகிட்டயும் பொய்தான் சொன்னேன்னு ஒத்துகினேன். அதுக்கப்புறந்தான் அது எங்கூட பேசுது. வுட்ருங்க மொதலாளி, பேஜாரு பண்ணாதீங்க."

தவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் கனிமொழி நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காட்டவில்லை. காட்டினால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். திமிரைப் பார் என்று அவனைத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

அவன் சொல்லாவிட்டால் என்ன, பழைய நோட்டு இருந்ததே. பச்சையை நானே கலந்துகொண்டேன். கண்ணாடி மாதிரி பசையை ஊற்றி ஆறு செய்தேன். நாலு நாட்டுப் படகுகளைச் செதுக்கி, முறுக்கிய பட்டு இழையால் டாங்கியைக் கட்டினேன். நடுவில் தலை நீட்டும் டிரைவருக்குச் சின்னதாக ஒரு முகம் வரைந்தேன். இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் சென்னையில் அதற்குத்தான் முதல் பரிசு.

நடுவர் ஓய்வுபெற்ற கர்னல். மேசையை மூன்று தடவை சுற்றிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நானும் அந்த ஆத்தங்கரையில இருந்தேன். இந்தப் படகு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல தருமன்னு ஒருத்தர் ஓட்டினாருங்க. அவர் சொன்னது."

"தருமனா! நடுங்காத பையன். இருபது வயசுதான் இருக்கும். அடுத்த மாசம் பழைய ஆளுங்க எல்லாம் இங்க கூடுறோம். கூட்டிட்டு வாங்க, மேடையில ஏத்தி மாலை போடணும். பேப்பர்காரங்களையும் வரச் சொல்றேன்."

பேப்பர் என்றால் ஆரணிக்கும் வரும். பள்ளிக்கூடத்துக்கும் வரும். பக்கெட்டில் டாங்கியைப் போட்டவன் யார் என்று ஊர் கேட்கும்.

"அவர் தவறிட்டாருங்க. போன வருசம்."

கர்னல் தொப்பியைக் கழற்றினார். மைக்கை வாங்கித் தருமனின் பெயரைச் சொன்னார். ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டார். இருநூறு பேர் எழுந்தார்கள். களம்பூரில் அது மூட்டை ஏற்றுகிற நேரம். நான் கையைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிடம் முடிந்த பிறகும், எல்லோரையும்விடக் கடைசியாகத் தலை நிமிர்ந்தவன் நான்தான்.