கண்மாய்க்குள் ஒரு கரிமூட்டம்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. தொண்ணூற்றெட்டில் ஜவுளிக்கடைக்கு இஸ்திரிக் கரி வாங்கக் கோரிப்பாளையம் போயிருந்தேன். மூட்டை விலையைக் குறைக்க மறுத்த கரிக்கடைக்காரர், அந்தக் கரி வந்த ஊரின் கதையைச் சேர்த்துக் கொடுத்தார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் ஓசியில் வந்ததை வீணாக்குவதில்லை. ஆனாலும் இதை இன்றுவரை முடிக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அலங்காநல்லூருக்கு வடக்கே, மரகதத் தகடாய் விரிந்து கிடந்த அந்தக் கண்மாய்...’

(நிறுத்திவிட்டேன். அங்கே தண்ணீரே இல்லை. கரைக்குக் கரை சீமைக்கருவேலம்தான்.)

இரண்டாவது: கண்மாய்க்குள் மாயக்காள், எரியும் மூட்டத்தின் விரிசல்களில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புகை வந்தால் விறகு இன்னும் வேகிறது என்று அர்த்தம். அது நீலமாக மாறக் காத்திருந்தபோது, பாசன சங்கத் தலைவர் சிவனாண்டி வந்து நின்றார்.

இது நிற்கட்டும்.

3

சிவனாண்டி கெட்டவரில்லை. [கெட்டவராக்கினால் கதை சீக்கிரம் விலைபோகும். எனக்கு மனசு வரவில்லை.] கண்மாயைத் தூர்வார அரசாங்கம் தயார், ஊர் முழுக்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். வயல்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மாயக்காளுக்கு வயல் இல்லை. கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். மரங்களைப் பிடுங்கும் வேலையை அவளுக்கே கொடுத்து, கரியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் தலைவர். வேரோடு பிடுங்கினது அடுத்த வருஷம் தளிர்க்குமா என்று கேட்டாள் அவள்.

“தண்ணி வந்தா எனக்கு எம்புட்டுண்ணே?”

“ஊருக்கே வருதுல்ல, தாயி.”

“ஊருக்கு வரட்டும். நான் எனக்குக் கேட்டேன்.”

மீன் இருக்கிறதே என்றார் தலைவர்.* அவள் கைநாட்டு வைத்தாள். அந்தக் கோடை முழுக்கத் தன் காட்டைத் தானே அழித்தாள்.

* தண்ணீர் நின்ற காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வயல் இருப்பவரும் இல்லாதவரும் ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கலாம். நிலமில்லாதவர்களுக்குக் கண்மாயில் இருந்த ஒரே பங்கு அதுதான்.

4

சங்கம் நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்தது. கரையையும் மடையையும் வருஷா வருஷம் பராமரிக்க வருமானம் வேண்டாமா? மீன்பிடிக்கும் உரிமையைப் பரவை ஊர் வியாபாரி ஒருவருக்குக் குத்தகை விட்டார்கள். அதோடு துண்டு வீசுவதும் போயிற்று என்பது சிவனாண்டி உட்பட யாருக்கும் உறைக்கவில்லை. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் வயல்காரர்கள்.

[இங்கே மாயக்காள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு விவரமானவள் பேசியதை எழுதி வாங்கியிருக்க மாட்டாளா? நானாக இருந்தால்... இல்லை. துண்டு வீசுவதை யாரும் எழுதி வாங்கியதில்லை. சூரியன் உதிப்பதைப் போல அதுவும்... உவமை அதிகம். அடித்துவிடுகிறேன்.]

5

ஐப்பசியில் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. கடைசி வேர்க்கட்டைகளை வைத்துப் போட்ட மூட்டத்தின் பக்கத்தில், கண்மாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள் மாயக்காள். குத்தகைச் செய்தி அன்று காலைதான் அவள் காதுக்கு வந்திருந்தது. சிவனாண்டி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார்.

“மேல வா தாயி. தண்ணி ஏறுது.”

“துண்டு எப்ப வீசுவீகண்ணே?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

(கரிக்கடைக்காரர் இந்த இடத்தில் அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார்.)

முடிவு ஒன்று: குத்தகை ரத்தாகிறது. (எந்தச் சங்கத்தில்?)

முடிவு இரண்டு: மூட்டம் சீறி அணைய, அவள் வெறுங்கையோடு கரையேறி டவுனுக்குப் பஸ் ஏறுகிறாள். (அழகாகத்தான் இருக்கிறது. அவளுடைய நஷ்டத்தில் எனக்கு ஒரு நல்ல கடைசி வரி. வேண்டாம்.)

சிவனாண்டி வாயைத் திறந்தபடி நிற்கிறார். நான் அவருக்கு வார்த்தை கொடுக்கப் போவதில்லை. அந்தக் கூட்டத்தில் வயல்காரராக உட்கார்ந்து நீங்களும் கை தூக்கியிருந்தால் இப்போது என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்ல நேரமில்லை. அவள் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் மடிவரை வந்துவிட்டது.