3118-ஆம் எண்

யஸேனா ஸ்டானேவா என்ற இருபத்தைந்து வயதுப் பெண் எங்கள் ஊர்க் கலைக்கூடத்தின் 3118-ஆம் எண் பொருளாக ஆனது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்குச் சற்று முன்னால். அன்று டான்யூப் ஆற்றில் தண்ணீர் படித்துறை வரை ஏறியிருந்தது, சந்தையில் வெள்ளைப் பாலாடைக்கட்டி கிலோ ஏழு லெவா. 3117 ஒரு பித்தளைக் காப்பிக் கிண்டி. 3119 ஒரு மீனவரின் உருவப்படம், கீழ் மூலையை எலி கடித்தது. இரண்டுக்கும் நடுவில் இவள் இருக்கிறாள். பதிவேட்டை யார் கேட்டாலும் காட்டுவார்கள்.

அவள் தலைநகர் சோபியாவில் காப்பாட்சியர் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவத்தில் ஆறு மாதம் ஏதாவது ஒரு கூடத்தில் வேலை பழக வேண்டும் என்பதால் எங்களிடம் அனுப்பினார்கள். கூடத்துக்குத் தலைவியும் அவளுக்கு வழிகாட்டியும் ஒருவரே, டாஸ்கலோவா மேடம். ஆறு வாரம் தூசி துடைக்கவிட்டு, ஏழாவது வாரம்தான் பேனாவைக் கையில் கொடுத்தார். பொருளின்மேல் எண் எழுதுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதலில் நிறமில்லாத மெருகு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையால் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. பேனா சரியாக ஓடுகிறதா என்று இடது கட்டைவிரல் நகத்தில் எழுதிப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சும்மா ஒரு சுழி போடுவார்கள், துடைத்துவிடுவார்கள். யஸேனா அடுத்து எழுத வேண்டிய எண்ணையே எழுதினாள். கைப்பழக்கத்தில் மெருகும் பூசினாள்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் எழுதிப் பழகு, கண்ணில் படுகிற எதையாவது எழுது என்று மேடம் சொல்லியிருந்தார். இவளுக்குக் குறும்பு. "மனித உருவம், பெண். எலும்பு, தசை. உயரம் 168 செ.மீ. மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மார்ச் மாத நூல். இடது முட்டியில் பழைய தழும்பு, மற்றபடி நிலை நன்று" என்று எழுதிவிட்டு, கொடுத்தவர் என்ற கட்டத்தில் தன் அப்பா பெயரைப் போட்டாள்: கவ்ரில் ஸ்டானேவ், லோம். எங்களிடம் இரண்டு பதிவேடுகள். துணைப் பதிவேட்டில் எழுதியதை ஒரு கோடு இழுத்து அடித்துவிடலாம். முதன்மைப் பதிவேட்டில் ஏறியது அரசாங்கச் சொத்து, குழு கூடித்தான் இறக்க முடியும். கூரை ஒழுகிய வருடம் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் ஒரே பழுப்புத்தாளில் அட்டை போட்டிருந்தார். அவள் எழுதியது முதன்மைப் பதிவேட்டில்.

மாலை ஆறு மணிக்குக் காவலாளி மின்ச்சோ சாவிக்கொத்தோடு வந்து, தினமும் கேட்பதைக் கேட்டார்.

"என்னம்மா, வீட்டுக்குக் கெளம்பியாச்சா?"

அவள் களைப்பில் வாய் திறக்காமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். எங்களுக்கு அதுதான் ஆமாம். இல்லை என்றால் முகத்தை மேலே தூக்கி 'த்ச்' என்போம். மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசற்படியைத் தாண்டிக் கால் வைத்தாள். கால் மண்டபத்துக்குள்ளேயே விழுந்தது, கிண்டி இருந்த பெட்டிக்குப் பக்கத்தில். மறுபடி போனாள், மறுபடி அங்கேயே நின்றாள். பதினான்கு தடவை நடந்தது என்று மின்ச்சோ கணக்குச் சொல்வார். கடைசியில் அவர்தான் அவள் நகத்தைப் பார்த்தார்.

"அடிப்பாவி, நம்பர் போட்டுட்டியா? நம்பர் போட்டது வாசலைத் தாண்டாதும்மா. முப்பது வருசமா இந்த வாசல்ல நிக்கிறேன், ஒண்ணு தாண்டினதில்ல."

அசிட்டோன் வைத்துத் துடைத்தார்கள், அரம் வைத்து ராவினார்கள். எண் அடியிலிருந்து மறுபடி தெளிந்து வந்தது. பசி நின்றது. தலைமுடி வளரவில்லை. ஏப்ரலில் முதல் நாரையைப் பார்த்ததும் எங்கள் வழக்கப்படி எல்லோரும் மணிக்கட்டு நூலை அவிழ்த்து மரத்தில் கட்டியபோது, இவளுடைய நூல் மட்டும் அவிழவில்லை, அது பதிவில் இருந்தது. டாஸ்கலோவா மேடம் முதலில் அழுதார். பிறகு ஈரப்பதமானியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். மே மாதத்துக்குள், ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்த கூடத்துக்கு எழுநூறு பேர் வரத் தொடங்கினார்கள், மேடம் அழுவதை நிறுத்தினார்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. பொருளைக் கொடுத்தவர் குழுவின் முன் நேரில் வந்து, திரும்ப வேண்டும் என்று தெரிவித்தால், கொடுத்துவிடலாம். குழு வருடத்துக்கு ஒரு முறை, நவம்பரில் கூடும். கவ்ரில் லோம் துறைமுகத்தில் படகுகளுக்குப் பற்றவைப்பு வேலை பார்த்தவர். முந்தின வருடம் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குழாய் வைத்திருந்தார்கள், பேச்சு போய்விட்டது. மகள் தொலைபேசியில் பேசுவாள், அவர் கருவியை விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"அப்பா, நவம்பர் வரைக்கும் தாங்குவீங்களா?"

ஒரு தட்டு.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

வெகுநேரம் கழித்து, ஒரு தட்டு. பொய் சொல்லும்போது அவர் அப்படித்தான் தாமதிப்பார்.

நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில், ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு வெளியே போட்டுக்கொள்ள ரோமம் வைத்த காலணி ஒரு ஜோடியும் கொண்டுவந்தார். குழுவின் மேசையில் மூன்று பேர். கையெழுத்துக்கு மட்டும் வந்த அமைச்சகத்து எழுத்தர் ஒருவர். கூரை பழுதுபார்க்கப் பணம் கொடுத்த நாட்டிலிருந்து, ருலாஃப் என்ற நெதர்லாந்துக்காரர், அவர்தான் குறிப்பு எழுதுகிறவர், ஆங்கிலத்தில். மூன்றாவது, மொழிபெயர்க்க டாஸ்கலோவா மேடம். பரிசீலனையில் உள்ள பொருள் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே யஸேனா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

உங்கள் கொடையைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். கவ்ரில் தலையை இடமும் வலமுமாக, குழாய் ஆடும்படி, மூன்று முறை ஆட்டினார். போதாதென்று மேசையில் விரலால் ஒரு தட்டும் தட்டினார். கண்ணாடிக்கு வெளியே யஸேனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேலங்கியை எடுக்க ஓடினாள். ருலாஃப், "கொடையாளர் மறுக்கிறார், உறுதியாக" என்று எழுதினார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தவர் டாஸ்கலோவா மேடம். எங்கள் ஊரில் பிறந்து, எங்களைப் போலவே தலையாட்டி வளர்ந்தவர். அவர் வரியைப் படித்தார், சாளரத்துக்கு வெளியே நுழைவுச்சீட்டுக்கு நின்ற வரிசையைப் பார்த்தார், மூடி கழற்றின பேனாவைக் கவ்ரிலின் கையில் கொடுத்தார். கவ்ரில் ஆங்கிலம் அறியாதவர், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

மகள் பொத்தான் போட்ட மேலங்கியோடும் புதுக் காலணியோடும் பத்து தடவை வாசலைத் தாண்டினாள், பத்து தடவையும் கிண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். மூன்றாம் நாள் மின்ச்சோதான் அவரை வண்டியில் ஏற்றினார். அடுத்த நவம்பருக்கு வந்து சரிசெய்யலாம் என்று சொல்லி அனுப்பினார். ஜனவரியில் தொலைபேசியில் தட்டு நின்றது. கொடுத்தவர் இறந்தால் வாரிசு கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. வாரிசு யஸேனா ஒருத்திதான். பொருளுக்கு வாரிசுரிமை கிடையாது என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. அப்பாவைப் புதைத்த அன்று அவள் அழுததை, "கன்னப் பகுதியில் ஈரம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை" என்று கூடத்தின் நிலை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

பதினேழு வருடமாகிவிட்டது. அவளுக்குப் பட்டம் தபாலில் வந்தது. இப்போது பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள்தான், பேனாவைக் கண்ணாடித் துண்டில் மட்டுமே ஓட்டிப் பார்க்க வைக்கிறாள். தன்னைப் பற்றிய வருடாந்திர அறிக்கையையும் அவளே எழுதுகிறாள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மேடம் ஓய்வு பெற்ற நாளில் அவள் முன்னால் வந்து வெகுநேரம் நின்றார்.

"மேடம், பார்வையாளர் கோட்டைத் தாண்டி நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் யஸேனா.

மாலை ஆறு மணிக்கு, நரைத்துப் போன மின்ச்சோ சாவிக்கொத்தோடு வருவார். "என்னம்மா, வீட்டுக்குக் கெளம்பியாச்சா?" என்று கேட்பார். காலணியோடு நிற்கும் அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவாள். அவர் எங்கள் ஊர்க்காரர், அவருக்குப் புரியும். விளக்கை அணைத்துவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டுவார்.