சுடலைமாடத்தி உட்கார்ந்த இடம்

ஒரு வீட்டு மெத்தையில் குழி விழுந்தால் அந்தச் சேதி அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் திருவில்லிபுத்தூர் சுடலைமாடத்தி வீட்டு மெத்தை லேசுப்பட்டதல்ல. அது மருமகள் குருவம்மாளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த ஃபோம் மெத்தை. தொண்ணூறாம் வருஷம் ஆவணியில், ராஜபாளையத்திலிருந்து திறந்த டெம்போவில் அது வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. வழியில் தூறல் பிடித்துக்கொண்டதாம். குருவம்மாளின் அப்பா ஆவுடையப்பன் தன் தோள் துண்டையும் சட்டையையும் கழற்றி மெத்தைமேல் போர்த்திவிட்டு, தான் கோழிக்குஞ்சு மாதிரி நனைந்துபோய் வந்து நின்றார்.

"பத்து வருஷத்துக்குக் குழி விழாதாம் சம்மந்தி. கடைக்காரரே சொல்லிட்டாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வ. புதுப்பட்டியில் மிளகாய்ப் பயிர் போடுகிற மனுஷர். அவருக்குப் பெருமையடித்துக்கொள்ள வாழ்க்கையில் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்துக்குத்தான் மூன்றே வருஷத்தில் ஆபத்து வந்தது.

மெத்தை முன்கட்டில், டி.வி.க்கு எதிரே மரக்கட்டிலில் கிடந்தது. அதில் யாரும் படுத்ததில்லை. "படுத்தா நசுங்கிரும்" என்று சுடலைமாடத்தி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். குருவம்மாளும் அவள் புருஷன் வேல்சாமியும் பின்கட்டில் பாயில் படுத்தார்கள். மெத்தை வருகிறவர்கள் பார்ப்பதற்கு. அதனால் அதில் குழி விழுந்தது எல்லாருக்குமே அதிசயமாக இருந்தது, குருவம்மாள் ஒருத்தியைத் தவிர. யார் தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைப் பெட்டியோடு போய்க் கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம்வரை டி.வி. பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மருமகளாக இருப்பவள் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை குருவம்மாளின் குழந்தை பால்பாண்டிக்குக் காதுகுத்து. திங்கட்கிழமை சுடலைமாடத்தி குழிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏட்டி குருவு, உங்கப்பன் மட்டச் சரக்கை நம்ம தலையில கட்டிட்டாருட்டி. நாளைக்கு நீயும் நானும் ராஜபாளையம் போறோம். கடைக்காரன் வாயாலயே சொல்ல வைக்கேன். வெள்ளிக்கிழமை சபையில வச்சு அவியகிட்ட ஒரு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

குருவம்மாள் அப்பாவை நினைத்துக்கொண்டாள். காதுகுத்துக்கு அப்பா புதுத் துண்டு போட்டுக்கொண்டு வருவார். நாலு பேர் முன்னால் அந்தத் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

மறுநாள் காலையில் வேல்சாமி மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, பஸ் மேலே ஏற்றிவிட்டு மில் வேலைக்குப் போய்விட்டான். கண்டக்டர் ஒரு சிரிப்பாணிக்காரன்.

"ஆச்சி, மேல படுத்துக்கிட்டு வாறாகளே, அவுகளுக்கும் ஒரு டிக்கெட் போடணும்லா?"

"ஏலே, உன் பஸ் சீட்டுல ஆணிதான் குத்துது. இது எம்புட்டு நயமான மெத்தை தெரியுமாலே? சீமையில கூட இப்படிக் கிடைக்காது. பாத்து எறக்கு!"

குருவம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் மட்டச் சரக்கு, பஸ்ஸில் நயமான மெத்தை. ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுக்கு மறைகிற இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'ஆண்டாள் தாயே, அப்பா ஜெயிக்கணும்னு கேக்கலை. யாரும் தலைகுனியாம இருந்தாப் போதும்.'

ராஜபாளையத்தில் இறங்கி, மெத்தையைக் கைவண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் பின்னால் நடந்தார்கள். தென்காசி ரோட்டில் பீர் மைதீனின் மெத்தைக்கடை. கடை நிறைய மெத்தை. ஆனால் அவர் எலும்பும் தோலுமாக, தலையில் தொப்பியும் கழுத்தில் அளவு நாடாவுமாக ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுடலைமாடத்தி படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ பாய், இவ அப்பா புதுப்பட்டி ஆவுடையப்பன்கிட்ட பத்து வருஷம்னு சொல்லி வித்தீகளாமே, எட்டிப் பாருங்க. உள்ள ஒரு கோழியை அடைகாக்க வைக்கலாம்!"

பீர் மைதீன் பதறவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கடையில் கிடந்த பலகைக் கட்டில்மேல் மெத்தையை விரித்தார். "கயிறு போட்டு இறுக்கலாமா தாயி? அதுக்கு மூச்சு முட்டும்லா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல மெத்தையை அங்கங்கே கைமுட்டியால் அமுக்கினார். அமுக்கிய இடமெல்லாம் விட்டதும் நிமிர்ந்தது. வலது ஓரம் மட்டும் அப்படியே கிடந்தது. மேல்துணி வெளுத்திருந்தது.

"வெயில்ல போட்டீகளா?"

"பொறவு? வாராவாரம் மொட்டைமாடியில உச்சிவெயில்ல காயப்போட்டு, கம்பால நாலு சாத்து சாத்துவேன். எங்க வீட்டு மெத்தைல மூட்டைப்பூச்சி கிடையாது, பாத்துக்கோங்க" என்றாள் சுடலைமாடத்தி பெருமையாக.

பீர் மைதீன் நெஞ்சில் கை வைத்தார். "யா அல்லாஹ்! ஆச்சி, அது இலவம்பஞ்சு மெத்தைக்குச் செய்யுறது. பஞ்சு வெயில்ல உப்பும். இது வெயில் பட்டா உள்ளுக்குள்ள அப்பளமா நொறுங்கும். நிழல்ல, காத்தாட வச்சாப் போதும். அடிக்கவே கூடாது. பச்சைப்புள்ள மாதிரி."

"அப்ப குழி? கம்பு பட்டா குழி விழுந்திச்சு? சரக்கு மட்டம்னு ஒத்துக்கோங்க பாய். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

குருவம்மாள் கடைக்காரர் முகத்தையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா கதை முடிந்தது.

"வெயில்ல வந்திருக்கீக. செத்த நேரம் உக்காருங்க. குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்லுதேன்" என்று பீர் மைதீன் பக்கத்துக் கடையைப் பார்த்துக் கை காட்டினார்.

நடந்த களைப்பில் சுடலைமாடத்தி அப்படியே மெத்தையில் உட்கார்ந்தாள். கடையில் அத்தனை மெத்தை இருந்தும், விரித்திருந்த மெத்தையில் அவ்வளவு இடம் இருந்தும், மூன்று வருஷப் பழக்கம் அவளை நேராக வலது ஓரத்துக்குக் கொண்டுபோனது. உட்கார்ந்தாள். அச்சில் கொழுக்கட்டை மாவு உட்காருவதுபோல அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு விரல் மிச்சமில்லை, அந்தப் பக்கம் ஒரு விரல் மிச்சமில்லை. இடுப்பிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பெட்டிக்கும் அங்கே ஒரு சின்னக் குழி இருந்தது.

பீர் மைதீன் பார்த்தார். குருவம்மாள் பார்த்தாள். கலர் பாட்டிலைக் கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர்கூட நின்று பார்த்தார். கடைசியாகச் சுடலைமாடத்தி கீழே குனிந்து பார்த்தாள். வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தாள். அவள் காதோரம் சிவந்தது.

குருவம்மாள் இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது சிரித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தையின் கை முந்தானையைத் தேடி அலைந்ததைப் பார்த்ததும், நனைந்துபோய் வாசலில் நின்ற அப்பாவின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது. சபையில் தனியாக நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

"எம்மேலதான் தப்பு அத்தை. தினமும் பெருக்குதேன், மெத்தையைத் தலைமாடு கால்மாடு மாத்திப் போடணும்னு தோணலையே" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பீர் மைதீன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உம்மேல என்னம்மா தப்பு? தப்பு எம்பேருல. உங்கப்பா வந்த அன்னிக்கு ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு. மெத்தையைக் குடுத்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமப் போயிட்டேன். மாசம் ஒருக்காத் திருப்பிப் போடணும், பிளாஸ்டிக் உறையை எடுத்துட்டுப் பருத்தி விரிப்புப் போடணும், தண்ணி படக்கூடாது, ஒண்ணுமே சொல்லல. பத்து வருஷம்னதும் வாய் நீளம்தான். நல்லாப் பாத்துக்கிட்டா ஏழெட்டு வருஷம். அல்லாஹ் மன்னிக்கணும்." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா சரக்கு மட்டமில்ல ஆச்சி. இருந்ததுலயே கனமானதை அவர்தான் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து எடுத்தாரு. மக வீட்டுல பெரியவுக உக்காருவாகன்னு சொன்னாரு."

சுடலைமாடத்தி கலரை ஒரே மூச்சில் குடித்தாள். "பெரியவுகன்னா சொன்னாக?" என்று மட்டும் கேட்டாள்.

பீர் மைதீன் உறையைப் பிரித்து, குழிக்குள் ஒரு துண்டு ஃபோம் வைத்து ஒட்டித் தைத்துக் கொடுத்தார். கூலி என்று அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது, "சொல்ல மறந்ததுக்கு எனக்கு அபராதம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து முடிந்து வீடு நிறைய ஆட்கள். ஆவுடையப்பன் புதுத் துண்டோடு கதவோரம் நின்றார். அவர் காதுக்கும் குழிச் சேதி போயிருந்தது; மெத்தைப் பக்கம் கண்ணைத் திருப்பவேயில்லை.

"சம்மந்தி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் சுடலைமாடத்தி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குருவம்மாள் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"மாசம் ஒருக்கா மெத்தையைத் திருப்பிப் போடணும்னு ஏன் சொல்லலை?"

"எனக்கே தெரியாதே சம்மந்தி..."

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கோங்க. வெயில்ல போடக்கூடாது. கம்பு ஆகாது. நிழல்ல காத்தாட வைக்கணும். இம்புட்டு நல்ல மெத்தையை வாங்கிக் குடுத்துட்டு இது தெரியாம இருக்கீக!" அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து மெத்தையில் உட்கார வைத்தாள். பிறகு வந்திருந்த எல்லாருக்கும் ஃபோம் மெத்தை பற்றி விளக்கிச் சொன்னாள், ஏதோ அவளே தொழிற்சாலை வைத்து நடத்துகிற மாதிரி. ஆவுடையப்பன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அவள் மருமகளிடம் சொன்னாள்: "பரவலா ஆளு படுத்தாத்தான் மெத்தை சமமா இருக்குமாம்ட்டி. இனிமே நீங்க ரெண்டு பேரும் இதுல படுங்க. நான் டி.வி. பாக்கும்போது மட்டும் இப்படி ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன்."

"ஓரம் ஆகாது அத்தை. ஓரந்தான் முதல்ல நசுங்கும்" என்றாள் குருவம்மாள், வெற்றிலைப் பெட்டியை எடுத்து நகர்த்தி வைத்தபடி. "நீங்க நடுவுல உக்காருங்க."