செய்திக்கு முன்னால் வரும் ஆர்கன்

அரபு நாட்டில், அல் ஐன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்த சுகிர்தராணிக்கு 1984இல் ஒரு பாட்டின்மேல் ஆசை விழுந்தது. டூட்டி முடிந்து ரூமில் சோறு வடிக்கும் நேரம், ஆங்கில ரேடியோவில் செய்திக்கு முன்னால் அரை நிமிஷம் அது ஓடும். பாடுகிறவர் கிடையாது. ஒரு ஆர்கன், அதற்கு அடியில் கிதாரும் டிரம்மும். செய்தி வாசிக்கிறவர் வாயைத் திறந்ததும் பாதியில் அறுந்துபோகும்.

குளச்சல் பக்கத்துச் சர்ச் ஒன்றில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆர்கன் வாசித்தவள் அவள். ஆர்கன் என்றால் ஜெபத்தில் முழங்கால் போடுகிற வாத்தியம் என்றே பழகியிருந்தாள். இதுவோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவில் நடந்துபோவது போலிருந்தது. அவசரமே இல்லாத நடை.

வியாழன் சாயங்காலம் அகமது கபீரின் கேசட் கடைக்குப் போனாள். காயல்பட்டினத்துக்காரர்.

"பாட்டுப் பேரு என்ன தங்கச்சி?"

"தெரியாது அண்ணே. பாடுக ஆளும் இல்ல, வரியும் இல்ல."

"அப்ப எதை வச்சுத் தேடுறது?"

கடை நிறைய ஆள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ராகத்தை மூக்காலேயே பாடிக் காட்டினாள். கபீர் மூன்று கேசட் போட்டுப் பார்த்தார். ஒன்றில் சாக்ஸபோன், ஒன்றில் வயலின், மூன்றாவதில் யாரோ அழுதார்கள்.

"விடுங்க அண்ணே" என்று அவள் திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் அந்த ராகத்தின் அடித்தாளத்தைப் பிடித்தது. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டும் மக்தூம், உள்ளூர் அரபிக்காரர். கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டே, "அச்சா சிஸ்டர், இன்னொரு தடவை" என்று ஹிந்தியில் சொன்னார்.

அவள் மேலே பாட, அவர் கீழே பிடித்தார். கேசட் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த எண்ணெய்க் கேம்ப்பில் சினிமா தொடங்குமுன் அமெரிக்கர்கள் இதைத்தான் போடுவார்களாம். எத்தனையோ பாஷைக்காரர்கள் இருந்த அந்தக் கேம்ப்பில் எல்லாருக்கும் பிடித்த பாட்டு இது ஒன்றுதான். புரியாமல் போக அதில் ஒன்றுமில்லையே என்றார் மக்தூம். மறுநாள் வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்தார். கபீர் அவளுக்கு ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார்; தனக்கும் ஒன்று பதிந்துகொண்டார்.

இரண்டு மாதத்தில் அந்த ராகம் அவள் கைக்குப் பழகிவிட்டது. அங்கே லீவு நாள் வெள்ளிதான்; ஒரு வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து, ஜனம் கலைகிற நேரத்தில் சபை ஆர்கனில் மெதுவாக அதை வாசிக்கத் தொடங்கினாள். செருப்பைத் தேடிப்போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சபைச் செயலாளர் ஞானசிங் முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தார்.

"சுகிர்தம், இது எந்தப் புஸ்தகத்துல உள்ள பாட்டு?"

"எதுலயும் இல்ல மாமா. இது ஆராதனைப் பாட்டு இல்ல."

"வரி என்ன?"

"வரியே கெடையாது."

"வரி இல்லேன்னா நான் குத்தம் சொல்லதுக்கு என்ன இருக்கு? நடுவுல மேல ஏறிப் போவுதுல்லா, அந்த எடத்த இன்னொருக்க வாசி மக்களே."

வாசித்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஞானசிங்கின் குதிகால் தரையில் தட்டியது. அதன்பின் வெள்ளிதோறும் ஜனம் அந்த வாசிப்பைக் கேட்டுவிட்டே கலைந்தது.

அவளோடு நர்ஸாக இருந்து, அவளிடமே ஆர்கன் பழகி, அடுத்த வருஷம் எண்ணெய் ஊரான ருவைஸுக்கு மாற்றலாகிப் போன இன்பமணியிடமிருந்து கடிதம் வந்தது. 'அக்கா, இங்க சபையில நானும் அத வாசிக்கேன். பிலிப்பீனோக்காரங்களும் வந்து கேட்டுட்டு நிக்காங்க.'

சுகிர்தராணி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு மீன்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, காலை டூட்டிக்கு யூனிஃபார்ம் தேய்க்க உட்கார்ந்தாள்.