நிழலுள்ள பார்க்கிங்

ஸ்ம்ருதியின் தஞ்சாவூர் வாழ்க்கைக்கு வேட்டு வைக்கப் பார்த்தது ஒரு புங்க மர நிழல்.

வங்கி வேலையில் மாற்றலாகி, சித்திரை வெயிலில் மாம்பலத்திலிருந்து வந்து இறங்கியவள். கூடவே வந்தது அப்பா ஹரிஹரசுப்ரமணியனின் பழைய வெள்ளைக் கார். அதைத் துடைத்து முடித்த பிறகுதான் அவர் காலைக் காபியையே தொடுவார். கொடுத்தனுப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒருநாள் வந்து பார்ப்பேன். கார் எப்படி இருக்கோ, அப்படித்தான் நீயும் இருக்கேன்னு எடுத்துப்பேன். அதுக்கு ஒண்ணுன்னா ரெண்டு பேரையும் மெட்ராஸுக்கு ஓட்டிண்டு வந்துடுவேன். மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துடணும். சரியா?"

"சரிப்பா" என்று தலையாட்டிவிட்டாள், ஊரைப் பார்க்காமலே.

பார்த்த பிறகுதான் வம்பு. ஊர் பிடித்துப் போய்விட்டது.

தினமும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி பறக்கும். "எந்தத் தெரு முனையில திரும்பினாலும் பெரிய கோவில் விமானம் தலையை நீட்டறதுப்பா, வழி தவறணும்னாலும் முடியலை." "இன்னிக்கு நகைக்கடன் கேட்டு வந்த மாமி, எனக்கு வரன் பார்த்து முடிச்சுட்டுத்தான் நகையையே வெளியில எடுத்தா."

எல்லாவற்றிலும் பெரிய செய்தி இது: "வீட்டுக்கு எதிர்லயே ஒரு மைதானம்ப்பா, கொஞ்சம் பள்ளமா. மணல் தரை. ரெண்டு பக்கமும் புங்க மரம். நாள் பூரா நிழல். வண்டியை நிறுத்தினா யாரும் ஏன்னு கேக்கறதில்லை!"

மாம்பலத்தில் சைக்கிளைச் சாய்க்கவே சண்டை பிடித்து வளர்ந்தவள். விடுவாளா? பக்கத்து வீட்டு அம்சத்தின் ஆடுகள் அங்கேதான் படுத்துக் கிடந்தன. அதே தெரு இளவழகனின் டிராக்டர் அங்கேதான் நின்றது. யாருடையதோ வைக்கோல் போர்கூட இருந்தது. அவளும் காரை இறக்கினாள்.

ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. அப்பா வருகிற நாள்.

காலையில் காய்கறி வாங்கித் திரும்பினால், மைதானம் துடைத்து வைத்தாற்போல் காலி! டிராக்டர் இல்லை, ஆடு இல்லை, வைக்கோல் போர் இல்லை. ஆஹா, அப்பா வருகிற அன்றைக்கா இப்படியோர் அதிர்ஷ்டம்! நட்ட நடுவில் ராஜா மாதிரி காரை நிறுத்தி, கண்ணாடியையும் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் அப்பா ரயிலிலிருந்து கூப்பிட்டார்.

"பூதலூர் தாண்டிட்டேன். வாய்க்கால்ல எல்லாம் புதுத் தண்ணி ஓடறதுடி, நுங்கும் நொரையுமா. பார்க்கவே ஜோரா இருக்கு!"

"இதோ கிளம்பிட்டேம்ப்பா, ஸ்டேஷன்லயே இருங்கோ!"

சாவியோடு வெளியே வந்தவள் நின்றாள். மைதானத்தின் ஓரமெல்லாம் கூட்டம். அம்சத்தின் கையில் தட்டு. அதில் பூ, வெற்றிலை, ஒரு பிடி நெல்.

"என்னக்கா, ஏதாவது பூஜையா?"

"தண்ணி வருதுல்ல பாப்பா! மேட்டூர் தொறந்து இன்னிக்குத்தான் நம்ம வாய்க்காலுக்கு வருது."

"எந்த வாய்க்கால்?"

அம்சம் அவளைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். அதன் நடுவே பளபளத்த காரைப் பார்த்தாள்.

"அடி ஆத்தா! தெரியாமயா நிறுத்தி வச்சிருக்கே? வண்டிக்கும் சேத்துப் பூ போட்டுட்டு எடுப்பியாக்கும்னுல்ல நெனச்சேன்!"

"யாருமே சொல்லலையேக்கா!"

"வாய்க்கால்ல தண்ணி வரும்னு தண்டோராவா போடுவாங்க? ஓடு, ஓடு!"

ஓடினாள். சாவியைத் திருகினாள். என்ஜின் உறுமியது. சக்கரம் சுற்றியது. கார் மட்டும் நகரவில்லை. உறுமலுக்கு ஓர் அங்குலமாக மணலுக்குள் இறங்கியது.

"மேடம், நிறுத்துங்க! கெணறு வெட்டாதீங்க!"

கரையிலிருந்து கத்திய இளவழகன் டிராக்டரைக் கொண்டுவர ஓடினான். வந்ததும் கயிறு கட்டினார்கள். முதல் இழுப்பில் கயிறு படாரென்று அறுந்தது. வேறு கயிறு தேடினார்கள். சீட்டில் கிடந்த போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அப்பா! எடுக்கக் கை ஏது?

இரும்புச் சங்கிலி வந்து சேர்ந்த நேரம், வளைவிலிருந்து பிள்ளைகளின் கூச்சல்.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

வெள்ளம் ஒன்றும் சீறி வரவில்லை. சருகை உருட்டிக்கொண்டு, காய்ந்த மணலை நக்கிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக வந்தது. இளவழகன் சங்கிலியை முன் பம்பரில் மாட்டிவிட்டு டிராக்டரில் ஏறினான்.

"நியூட்ரல்ல போடுங்க! ஸ்டியரிங்க நேரா புடிங்க! அழுவாதீங்க மேடம்!"

"அழலை!"

"அப்ப பிரேக்லேருந்து காலை எடுங்க!"

எடுத்தாள். தட்டுகளைக் கரையில் வைத்துவிட்டுக் கூட்டமே இறங்கியது. "தள்ளு! தம் புடிச்சுத் தள்ளு! ஏங்க பெரியவரே, சும்மா தொட்டுக்கிட்டு நிக்காதீங்க, தள்ளுங்க!" அம்சத்தின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. தண்ணீர் பின் சக்கரத்தைத் தொட்டது. சுற்றி வளைத்தது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், கார் சரிவில் ஏறிக் கரையில் நின்றது. பின்னால் ஒரே விசில்.

ஸ்ம்ருதி இறங்கினாள். தள்ளியவர்கள் நடுவே வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேறோடு, தோளில் பயணப் பையோடு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

"போனை எடுக்க மாட்டியாடி? ஆட்டோ பிடிச்சு நீ அனுப்பின விலாசத்துக்கு வந்தா, என் கார் ஆத்துல நிக்கறது!"

அம்சம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்கப்பாவா? மன்னிச்சுக்குங்க சார், அதட்டிப்புட்டேன்."

"பரவாயில்லை. நன்னா அதட்டினேள்."

அவர் காரைச் சுற்றி வந்தார். முன் பம்பர் ஒரு பக்கம் வாயைக் கோணியிருந்தது. சக்கரத்திலெல்லாம் மணல். ஸ்ம்ருதி பின்னாலேயே போனாள்.

"நாளைக்குக் காரை எடுத்துண்டு கிளம்பறேன்" என்றார்.

அவ்வளவுதான். "மாற்றலுக்கு... நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேம்ப்பா."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"நீங்கதானே சொன்னேள், ரெண்டு பேரையும்னு..."

"அது அப்போ. உனக்கு ஒண்ணுன்னா சாமித் தட்டைக் கீழ வெச்சுட்டு ஓடி வர ஜனம் இருக்கு. நீ இரு. காருக்குத்தான் உன்கிட்ட பாதுகாப்பு இல்லை."

"அப்ப மேடம் பாங்குக்கு எதுல போவாங்க?" என்றான் இளவழகன்.

"ஏன், உங்க டிராக்டர்ல எடம் கிடையாதா?"

தட்டைத் திரும்ப எடுத்திருந்த அம்சம் சிரித்த சிரிப்பில் அதிலிருந்த நெல் பாதி கொட்டியது. மீதியை அவர் கையில் திணித்தாள். அவர் அதைத் தண்ணீரில் தூவிவிட்டு, சேற்றுக் காலோடு வாய்க்காலில் இறங்கினார்.

"ஜில்லுன்னு இருக்குடி. செருப்பைக் கழட்டிட்டு வா!"